தலைவர் பூத்துவிட்டார்

மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் ஒரு மனிதர் தன் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்தால் அதை வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டுவார். விசுவலிங்கம் அதைக் கற்றாழைக்குப் பக்கத்தில் நட்டிருந்தார். தபால்காரர் யாராவது புதிதாக வந்தால், கடிதத்தைச் செடியிடம் கொடுப்பதா பெட்டியில் போடுவதா என்று ஒரு கணம் தயங்கி நிற்பார்.

அது ஆனைக் கற்றாழை. இலை ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் குறையாது. விளிம்பில் வெள்ளைக் கரை, நுனியில் கோணி ஊசி. அந்த வரிசை வீட்டின் முன்புறத்தில் ஒரு கார் நிற்பதற்கென்று விட்டிருந்த இடத்தில் முக்கால்வாசியை அது பிடித்துக்கொண்டிருந்தது. கார் பதினெட்டு வருடமாக வெளியே சாலையோரத்தில் வெயில் காய்ந்தது. மனைவி சத்தியபாமாவின் சேலைகளில் அந்தச் செடி கை வைக்காத முந்தானை ஒன்றுகூட இல்லை.

ஜொகூர் மழைக்கு இந்த மாதிரிச் செடிகளின் வேர் அழுகிவிடும். அதனால் விசுவலிங்கம் மண்ணை மேடு கட்டி, பாதிக்குப் பாதி மணலும் உடைந்த ஓடும் கலந்து, தண்ணீர் ஒரு நொடிகூட நிற்காதபடி செய்திருந்தார். அதன் பிறகு அவர் அதற்குச் செய்தது ஒன்றுமில்லை. "ஊத்தாம இருக்கிறதுதான் வளர்ப்பு" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவார். முப்பத்தைந்து வருடம் அரசாங்க உத்தியோகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு, ஒன்றும் செய்யாமலே ஒன்றை வளர்ப்பது கைவந்த கலை.

செடி எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்களிடம் சொல்லும்போது, அவருடைய பாட்டனார் கப்பலில் கொண்டுவந்த செடியின் வழித்தோன்றல். மற்றவர்களிடம், மெக்சிகோவிலிருந்து ஒரு தூதரக அதிகாரி தந்தது. சத்தியபாமாவிடம் கேட்டால், ஆயர் ஹீத்தாம் சாலையில் பூச்சட்டி வாங்கப் போனபோது கடைக்காரச் சீனர் இனாமாகப் போட்டது. சத்தியபாமாவிடம் யாரும் கேட்பதில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு விசுவலிங்கத்துக்கு நெஞ்சு வலி வந்து ஜொகூர் பாருவில் இரத்தக்குழாயில் கம்பிச் சுருள் வைத்தார்கள். அது நவம்பர் மாதம், விடாத மழை. அவர் வீடு திரும்பியபோது கற்றாழையும் மஞ்சளடித்துக் கிடந்தது. மழை நின்றது, செடி தேறியது. அவரும் தேறினார். "அதுக்கும் எனக்கும் ஒரே உயிர்" என்று பார்க்க வந்த ஒருவரிடம் விளையாட்டாகச் சொன்னார். அந்த ஒருவர் கண்கலங்கிவிட்டார். கண்கலங்க வைக்கும் ஒரு வாக்கியத்தை விசுவலிங்கம் வீணாக்குகிறவர் அல்லர். அதன் பிறகு கல்யாண வீடுகளில் சொன்னார், கருமாதி வீடுகளில் சொன்னார். கோயில் திருவிழா மலரில் 'நானும் என் கற்றாழையும்' என்று நான்கு பக்கக் கட்டுரை எழுதினார். மறு வருடம் பித்தளைத் தகடு வந்தது. அதற்கடுத்த வருடம் பிள்ளையார் கோயில் நிர்வாகக் குழுவுக்குத் தலைவரானார். அதிலிருந்து இறங்கவே இல்லை.

போன வருடம் ஏப்ரலில் ஒரு காலை, பக்கத்து வீட்டுக் காளியப்பன் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டார். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இங்கே துணி ஆலையில் மேற்பார்வையாளராக இருப்பவர். தன் வீட்டு வாசலில் இரவும் பகலும் ஓடும் பிளாஸ்டிக் நீரூற்று ஒன்று வைத்திருப்பதில் அவருக்கும் பெருமை குறைவில்லை.

"ஐயா, உங்க செடியிலேருந்து நடுவுல கம்பி மாதிரி ஒண்ணு கெளம்புது. ஏரியல் கீரியல் வெச்சீங்களா?"

விசுவலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். கட்டை விரல் தடிமனில், தண்ணீர்விட்டான் கிழங்கின் முளையைப் பெரிதாக்கியதுபோல, ஒரு தண்டு.

"காளியப்பன், இது பூந்தண்டு. நூறு வருஷத்துக்கு ஒரு தரம்தான் இது வரும்."

"நூறா? நீங்க வெச்சுப் பதினெட்டுதானே ஐயா ஆவுது."

"மிச்சத்தை என் வளர்ப்பு ஈடுகட்டிடுச்சு."

காளியப்பன் தலையாட்டினார். "அப்படின்னா என் வீட்டு மாமரத்தை ஒரு மாசம் நீங்க வந்து வளருங்க. அது பதினஞ்சு வருஷமா சும்மா நிக்குது."

தண்டு நாளுக்கு ஒரு சாண் ஏறியது. முதல் வாரம் ஜன்னலைத் தாண்டியது, பிறகு மாடி ஜன்னலை, பிறகு கூரை மேலிருந்த தொலைக்காட்சித் தட்டை. மே மாதம் உச்சியில் கிளைவிட்டு, பச்சையும் மஞ்சளுமாக ஆயிரம் சிறு பூக்கள் விரிந்தபோது, தாமான் குடியிருப்பின் நுழைவாயிலில் நின்றாலே விசுவலிங்கத்தின் வீடு எது என்று தெரிந்தது. அவருக்கு வேறென்ன வேண்டும்? அக்டோபரில் கோயில் ஆண்டுக்கூட்டம். இந்த முறை துணைத்தலைவர் மதிவாணன் போட்டியிடப்போவதாகப் பேச்சிருந்தது. மதிவாணன் காப்புறுதி முகவர். ஊரில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் வாழ்த்து அனுப்புகிறவர். அப்படிப்பட்டவரை வீழ்த்துவதற்கு வானத்திலிருந்து ஒரு பூ இறங்கி வரவில்லை, தரையிலிருந்து ஏறிப் போயிருக்கிறது.

உடனே விழா வைத்தார். வீட்டு முன்னால் சாலையை மறித்துக் கூடாரம், வாடகை நாற்காலி, மீகூன் நூடுல்ஸ், கேசரி, தே தாரேக் தேநீர். 'நூற்றாண்டு மலர் தரிசனம்' என்று பதாகை. மதிவாணனே மாலை போடவேண்டும் என்று ஏற்பாடு. யாருக்குப் போடுவது என்ற குழப்பத்தில் மதிவாணன் மாலையோடு செடிக்கும் மனிதருக்கும் நடுவில் நின்றார். விசுவலிங்கம் கழுத்தை நீட்டிச் சிக்கலைத் தீர்த்துவைத்தார்.

"பெருமக்களே," என்று தொடங்கினார். "இந்தச் செடிக்கும் அடியேனுக்கும் ஒரே உயிர் என்பது நீங்கள் அறிந்ததே. நான் நோயுற்றபோது அது வாடியது. நான் எழுந்தபோது அது நிமிர்ந்தது. இன்று அது பூத்திருக்கிறது என்றால் அதன் பொருள் என்ன? யோசித்துப் பாருங்கள்."

கைதட்டினார்கள். யோசிக்கவும் சொன்னதால் சிலர் யோசித்தார்கள்.

அடுத்து, அறிவியல் நோக்கில் இரண்டு வார்த்தை பேசும்படி பிரேமளாவை அழைத்தார். பிரேமளா சத்தியபாமாவின் அண்ணன் மகள். பொந்தியானில் இடைநிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. மாமா அழைத்தாரே என்று சனிக்கிழமை டியூஷனை விட்டுவிட்டு வந்தவள். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் வகுப்பறைக்குப் போய்விட்டாள்.

"கற்றாழையில இந்த வகை வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் பூக்கும். இத்தனை வருஷம் இலையில சேர்த்து வெச்ச சத்து மொத்தத்தையும் இந்தத் தண்டுக்கு அனுப்பிடும். அதனாலதான் இவ்வளவு உயரம். பூத்து முடிஞ்சதும் தாய்ச்செடி அப்படியே காஞ்சு செத்துடும். ஏழெட்டு மாசம் ஆகலாம். நன்றி, வணக்கம்."

கைதட்ட எடுத்த கைகள் அந்தரத்தில் நின்றன. தே தாரேக் ஆற்றிக்கொண்டிருந்தவர்கூட ஆற்றுவதை நிறுத்தினார். முன் வரிசையில் காளியப்பனின் மனைவி புஷ்பவள்ளி மீகூன் தட்டோடு திரும்பி, பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் அந்த அமைதியில் அது கூடாரத்தின் கடைசி நாற்காலிவரை போனது.

"அப்போ ஐயாவுக்கு எப்போ?"

மறுநாளிலிருந்து விசுவலிங்கத்தின் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், ஒருவர் முதியோருக்கான டயப்பர்கூட. உட்காருவார்கள், பெருமூச்சு விடுவார்கள், செடியைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள். "ஐயா முகத்துல இப்பவே ஒரு மஞ்சள்," என்றாள் புஷ்பவள்ளி. விசுவலிங்கம் மஞ்சள் சட்டை போட்டிருந்தார்.

கோயிலில் யாரும் கேட்காமலே ஐயர் அவர் பெயருக்கு ஆயுள் அர்ச்சனை செய்தார். சிங்கப்பூரிலிருக்கும் மகன் சிவகணேசன், நான்கு மணி நேரம் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்று வந்து, "அப்பா, நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி நான்கு மணி நேரம் நின்று போனான். மதிவாணன் ஒரு மாலை வந்து அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, நிறைவேறாத ஆசை ஏதாச்சும் இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. கூச்சப்படாதீங்க."

"அக்டோபர்ல தலைவராகணும்."

மதிவாணன் கையை மெல்ல விட்டார். "அதுவரைக்கும் நீங்க இருக்கணும்னுதான் நானும் வேண்டிக்கிறேன்."

அவர் போனதும் சத்தியபாமா காலிக் கோப்பைகளை எடுத்தபடி சொன்னார்: "இஞ்சாருங்கோ, அது சும்மா சொன்ன கதைதான், செடி வேற நான் வேறயெண்டு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. ஏன் இந்தக் கூத்து?"

"பன்னிரண்டு வருஷமாச் சொன்னதையா? மலர்ல அச்சடிச்சு வந்ததையா? நீர் பேசாம இரும். அதைப் பொய்யெண்டு சொன்னா நான் சொன்னது எல்லாமே பொய்யாப் போயிடும்."

"எல்லாம் எண்டா எது எது?"

விசுவலிங்கத்தின் நிலைமை உண்மையிலேயே சிக்கலானது. கதை மெய் என்றால் சாகப்போகிறவர். சாகப்போகிறவருக்கு யார் ஓட்டுப் போடுவார்? கதை பொய் என்றால் பொய்யர்; பொய்யருக்கு ஓட்டுப் போடுவார்கள், ஆனால் முகத்துக்கு நேரே தெரிந்த பொய்யருக்குப் போட மாட்டார்கள். தலைவர் நாற்காலி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வெளியே போய் ஒரு கீழ் இலையை அழுத்திப் பார்ப்பார். பிறகு தன் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். இலை நெகிழ்ந்திருந்தால் அன்றைக்கு மாடிப்படி ஏறமாட்டார். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பிரேமளாவுக்குத் தொலைபேசினார்.

"அந்தத் தண்டை வெட்டிட்டா?"

"வெட்டினாலும் போயிடும் மாமா. அது முடிவு பண்ணிடுச்சு."

"உரம் போட்டா?"

"மாமா, உங்க நெஞ்சு டாக்டரைப் பார்த்தீங்களா?"

"செடியைப் பத்திக் கேட்டா நீ ஏன் என்னைப் பத்திப் பேசுறே?"

சிரிப்பை அடக்குகிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். "நீங்கதானே மாமா ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னது?" என்றாள்.

செப்டம்பரில் பூக்கள் உதிர்ந்தன. அடி இலைகள் ஒவ்வொன்றாய்த் தொய்ந்து தரையில் படிந்தன. பார்க்க வருகிறவர்களின் பெருமூச்சு நீண்டது. கோயில் மண்டபத்தைப் பதிவு செய்துவைக்கும் புத்தகத்தில், நவம்பர் டிசம்பரில் எந்தச் சனி ஞாயிறு காலி என்று யாரோ விசாரித்துவிட்டுப் போனதாக ஐயர் சொன்னார். யார் என்று சொல்லவில்லை.

அப்போதுதான் ஒரு காலை காளியப்பன் மறுபடி வேலியோரம் வந்தார்.

"ஐயா, மேல பாருங்க. பூ இருந்த எடத்துலல்லாம் குட்டி குட்டியா மொளைச்சிருக்கு. தொங்குறதப் பாத்தா கோழிக்குஞ்சாட்டம் இருக்கு லா."

விசுவலிங்கம் அண்ணாந்து பார்த்தார். அந்தத் தண்டின் கிளைகளெல்லாம் விரல் நீளக் குட்டிக் கற்றாழைகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றுக்கும் அதே வெள்ளைக் கரை, அதே கூர் நுனி. இந்த இனம் அப்படித்தான். தாய் போகுமுன் தண்டிலேயே பிள்ளைகளைப் பெற்றுக் கீழே உதிர்க்கும். ஆனால் விசுவலிங்கத்துக்கு அதில் உயிரியல் தெரியவில்லை, வாக்காளர் பட்டியல் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தார். "அடியேனின் உயிர் போகப்போவதாகச் சிலர் கவலைப்படுகிறார்கள். போகவில்லை, பெருகியிருக்கிறது. ஒன்றாக இருந்த என் உயிர் இன்று முந்நூறாகியிருக்கிறது. அதை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. கோயில் உறுப்பினர் ஒவ்வொருவர் இல்லத்துக்கும் தருகிறேன். நீங்கள் வளர்க்கும்வரை நான் இருப்பேன்."

இதை யாராலும் மறுக்க முடியவில்லை. சாகப்போகிற ஒருவர் உயிரை நீட்டும்போது 'எங்க வீட்ல இடமில்ல' என்று எப்படிச் சொல்வது? பிளாஸ்டிக் குவளையில் மணலும் ஓட்டுச் சில்லும் போட்டு, குட்டியை ஊன்றி, 'விசுவலிங்கம்' என்று அச்சடித்த சீட்டு ஒட்டி, அவரே வீடு வீடாகக் காரில் கொண்டுபோய்க் கொடுத்தார். மதிவாணன் வீட்டுக்கு இரண்டு கொடுத்தார்.

கொடுத்து முடித்தபோதுதான் ஊருக்கு விஷயம் உறைத்தது. தலைவர் வாசலில் வாடினால் அது தலைவர் பாடு. நம் வீட்டு வாசலில் வாடினால்?

"அலமாக், இது செத்துட்டா நாம கொன்ன மாதிரி ஆயிடும்ங்க," என்றாள் புஷ்பவள்ளி. காளியப்பன் அதைத் தன் நீரூற்றிலிருந்து பத்தடி தள்ளி வைத்தார். சாரல் படுமோ என்று குடை பிடித்தார். வெயில் போதவில்லையோ என்று குடையை எடுத்தார். ஆலைக்குப் போய் வேலைக்கு நடுவில், "தலைவரை உள்ள எடுத்து வெச்சியா? மழ வருது," என்று வீட்டுக்கு அழைத்துக் கேட்டார். மூன்றாவது சந்தில் ஒரு வீட்டில் பூனை தட்டிவிட்டதற்கு அந்தக் குடும்பமே வெள்ளிக்கிழமை விரதம் இருந்தது. வங்கியில் வேலை செய்யும் ஒருவர் அதற்கென்று வெயிலுக்கு ஈடாக ஒரு மின்விளக்கு வாங்கினார். மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை நடக்கும் வீடுகளில், "தலைவர் முன்னாடி என்ன பேச்சு?" என்ற புதுக் கண்டிப்பும் கேட்டது.

ஆனால் ஒன்றை அவர்களால் செய்ய முடியவில்லை. சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று விசுவலிங்கம் தினமும் குரல் பதிவு போட்டார். அதைக் கேட்டுக்கொண்டே ஊற்றினார்கள். அதிலும் பெண்களுக்கு, காலையில் சாமி படத்துக்கு முன் வைத்த செம்புத் தண்ணீரைக் கால் படாத இடத்தில்தான் கொட்டவேண்டும் என்பது வழக்கம். துளசி மாடம் இல்லாத வீடுகளில் அது ஏதாவது ஒரு பூச்சட்டிக்குப் போகும். மேசை மேல் பத்திரமாக, யார் காலும் படாமல் வீற்றிருக்கும் தலைவரைவிட உகந்த இடம் எது? உயிருக்கு ஊசலாடுகிறவருக்குச் சாமி தீர்த்தம் கொடுத்தால் நல்லதுதானே? தினம் ஒரு செம்பு. சிலர் பால் அபிஷேகத்தில் மிஞ்சியதையும் விட்டார்கள்.

தலைவர் ஊரெங்கும் அடியிலிருந்து அழுகத் தொடங்கினார்.

அக்டோபர் கடைசி ஞாயிறு. ஆண்டுக்கூட்டம் பத்து மணிக்கு. விசுவலிங்கம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒன்பதரைக்கே கோயிலுக்குப் போனார். பின்புற வாசலுக்குப் போகும் வழியில் அரச மரம். உடைந்த பிள்ளையார் பொம்மை, கரையான் அரித்த லட்சுமி படம், சரசுவதி போட்ட பழைய நாட்காட்டி என்று, வீட்டில் வைக்கவும் முடியாமல் குப்பையில் போடவும் துணியாமல் ஊர்க்காரர்கள் எதையெல்லாம் கொண்டுவருவார்களோ அதையெல்லாம் அந்த மரத்தடியில்தான் வைத்துவிட்டுப் போவார்கள். எந்தக் கோயிலிலும் உள்ள பழக்கம்.

அன்றைக்கு மரத்தடியில் சாமிகள் தெரியவில்லை. பிளாஸ்டிக் குவளைகள் தெரிந்தன. வேரைச் சுற்றி, மேடை விளிம்பில், தலையில்லாத முருகனின் மயில் மேல் சாய்ந்தபடி, எங்கு பார்த்தாலும் விசுவலிங்கம். சிலவற்றுக்குத் திருநீறு பூசியிருந்தது. சிலவற்றின் முன்னால் வாழைப்பழம். யாரோ மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள்.

மரத்துக்குப் பின்னாலிருந்து காளியப்பன் குனிந்தபடி வெளிப்பட்டார். நிமிர்ந்து பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"காளியப்பன், கையில என்ன?"

"நீங்கதான் ஐயா."

"தாரும்."

காளியப்பன் குவளையை நீட்டினார். குட்டி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"குப்பையில போட மனசு வரல. அதான் மரத்தடிக்குக் கொண்டாந்தேன். சாமியோட சாமியா இருக்கட்டுமேன்னு."

"செத்துட்டேனா?"

"அப்படிச் சொல்ல முடியாது. அடியில கொஞ்சம் கொழகொழன்னு ஆயிருக்கு." காளியப்பன் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துல நாலு பேரு இன்னும் மோசம் ஐயா. அதப் பாக்குறப்போ நம்ம வீட்டுது தேவலை."

விசுவலிங்கம் அந்தக் கும்பலைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஓட்டுப் போடப்போகிறவர்கள் அத்தனை பேரும் அவரைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல், சாமியிடம் ஒப்படைத்துவிட்டுக் கைகழுவியிருக்கிறார்கள். இனி கதையை இன்னும் பெரிதாக்க முடியாது. முந்நூறு உயிரை எடுத்து எதனோடு பெருக்குவது? மிச்சமிருந்த வழி ஒன்றுதான். அவருக்குப் பழக்கமில்லாத வழி.

கூட்டத்தில் போன ஆண்டு அறிக்கை ஏற்கப்பட்டதும் எழுந்தார். 'பெருமக்களே' என்று ஆரம்பிக்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும். அது வெறும் கத்தாழை. அதுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆயர் ஹீத்தாம்ல பூச்சட்டி வாங்கினப்போ சும்மா குடுத்தது. எனக்கு நெஞ்சு வருத்தம் வந்தப்போ அது வாடினது மழையால. ஒரே உயிரெண்டு சொன்னது நானாக் கட்டின கதை. எனக்கு ஒரு வருத்தமும் இப்ப இல்லை. நான் சாகப்போறதில்லை."

பின் வரிசையில் சத்தியபாமா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கணவரை வியப்போடு பார்த்தார். நாற்பத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் ஒரே மூச்சில் இத்தனை உண்மை சொல்லிச் சத்தியபாமா கேட்டதில்லை.

முதலில் விசும்பியது புஷ்பவள்ளி.

"பாருங்க, நமக்காகத்தான் சொல்றாரு. நம்ம வீட்டுல அழுகிப்போச்சேன்னு நாம மனசு கஷ்டப்படக் கூடாதாம். அதுக்காகத் தன்னையே பொய்க்காரன்னு சொல்லிக்கிறாரு."

"என்ன பெருந்தன்மை," என்றார் வங்கிக்காரர், கண்ணைத் துடைத்தபடி.

"இல்லை, நான் நெசமாத்தான்..." என்றார் விசுவலிங்கம்.

"போதும் ஐயா, பேசாதீங்க. மூச்சு வாங்குது பாருங்க," என்று காளியப்பன் ஓடிவந்து தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினார்.

மதிவாணன் எழுந்தார். அவர் தொழிலில் எத்தனையோ கடைசிக் கையெழுத்துகளைப் பார்த்தவர். ஆனால் இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை என்றார். தான் போட்டியிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தார். விசுவலிங்கம் ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கைதட்டல் அடங்குமுன் வங்கிக்காரர் இன்னொரு தீர்மானத்தை முன்மொழிந்தார்: 'தலைவர் பணியாற்ற இயலாத நிலை ஏற்படின், அந்த நிமிடத்திலிருந்து திரு. மதிவாணன் தலைவராகக் கருதப்படுவார்.' அதற்குக் கிடைத்த கைதட்டல் முந்தையதைவிடச் சற்றே நீளம். மதிவாணன் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். அவசரமில்லை என்றும் சொன்னார்.

தைப்பூசத்துக்கு முன்பே கற்றாழை முழுதாகக் காய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விசுவலிங்கமும் காளியப்பனும் தடித்த கையுறை போட்டுக்கொண்டு இரண்டு நாள் வெட்டி அப்புறப்படுத்தினார்கள். அந்த வாரமே விசுவலிங்கம் மருத்துவரிடம் போனார். இரத்த அழுத்தம் இளைஞனுடையதுபோல் இருப்பதாக மருத்துவர் சொன்னார்.

ஊர் காத்திருந்தது. மாசி போனது, பங்குனி போனது. விசுவலிங்கம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலுக்கு வந்தார், பொங்கல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார், நிர்வாகக் குழுவில் விளக்கு மாற்றுவதிலிருந்து செருப்பு விடும் இடம்வரை கருத்துச் சொன்னார். மக்கள் அவரை முன்புபோலப் பார்க்கவில்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் நின்றுபோயின. "ஐயா நல்லாத்தான் இருக்காரு," என்று புஷ்பவள்ளி சொல்லும்போது அது நலம் விசாரிப்பதுபோல் இல்லை, கடையில் வாங்கிய பொருளைப் பற்றிக் குறை சொல்வதுபோல் இருந்தது. மதிவாணன் மட்டும் மாறவில்லை. வாரம் தவறாமல் வந்து, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன்" என்றால், "மனசை விட்டுடாதீங்க" என்பார்.

சித்திரையில் ஒரு மாலை, நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் புறப்பட்ட விசுவலிங்கம் வாசலில் நின்று முறையிட்டார்.

"போன கூட்டத்துல நான் கதவுக்குள்ள நுழைஞ்சதும் எல்லாரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கிறாங்கள். ஏதோ நான் ஏமாத்திப்போட்ட மாதிரி. உண்மையைத்தானே சொன்னன்? தலைவராக்கினதும் அவங்களாத்தானே?"

சத்தியபாமா அவருடைய சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்தார்.

"உங்களை நம்பித்தானே தலைவராக்கினாங்கள். பாவம், அவங்களையும் யோசிக்க வேணும்," என்றார். "இண்டைக்குக் கூட்டத்துல ஒருக்கா இருமிட்டு வாங்கோ."

விசுவலிங்கம் காரில் ஏறினார். கோயில் வாசலில் இறங்கும்போது மதிவாணன் எதிரே வந்தார். விசுவலிங்கம் ஒரு கணம் யோசித்தார். பிறகு துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, இரண்டு தடவை இருமினார்.